கைரேகைக் கருவி தூங்கினால் யார் பொறுப்பு?

உப்பளத்தில் வாரியவர், வலைக்கயிறு இழுத்தவர், முத்துக்குளித்துறையில் இன்றும் சங்குக்கு மூழ்குபவர் என்று கையால் பிழைத்தவர்களின் ஊர் தூத்துக்குடி. இங்கே இ-சேவை மையத்திலோ தனியார் கணினி மையத்திலோ கைரேகை பதியவில்லை என்றால், "கை தேஞ்சு போச்சு, அப்புறம் வாங்க" என்ற பதில் எளிதாக வந்துவிடுகிறது. உப்பும் கயிறும் ரேகையைத் தேய்ப்பது உண்மைதான். ஆனால் விரல் நன்றாக இருந்து, கருவியும் பழுதில்லாமல் இருந்து, கணினியின் மின்சேமிப்பு அமைப்பு ஒன்றே வேலையைக் கெடுப்பதும் உண்டு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் முன் அந்த அமைப்பைச் சரிபார்ப்பது மையத்தை நடத்துபவரின் கடமை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

யுஎஸ்பி வழியே இணையும் கைரேகைக் கருவிக்குக் கணினிதான் மின்சாரம் தருகிறது. யுஎஸ்பி 2.0 முறையில் ஒரு கருவி அதிகபட்சம் 500 மில்லிஆம்பியர் வாங்கலாம். இணைப்பில் மூன்று மில்லிவினாடி எந்தச் சந்தடியும் இல்லாவிட்டால் அது உறக்கநிலைக்குப் போய்விட வேண்டும். அந்த நிலையில் 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் வாங்கக் கூடாது. விண்டோஸில் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' என்ற ஏற்பாடு, பயன்படாத கருவியை மட்டும் தனியாக உறங்கவைக்கிறது. மடிக்கணினியின் பேட்டரியைக் காக்க வந்த நல்ல ஏற்பாடுதான். உறங்கிய கருவி கூப்பிட்டதும் எழுந்திருக்க வேண்டும் என்பது அதன் மறுபாதி. டிரைவர் மென்பொருள் பழையதாகவோ அரைகுறையாகவோ இருந்தால் அந்த மறுபாதி நடப்பதில்லை. அப்போது திரையில் 'கருவி இணைக்கப்படவில்லை' என்று வரும், அல்லது விரல் வைத்தும் ஒன்றும் நடக்காது. கருவியைப் பிடுங்கி மறுபடி செருகியதும் விளக்கு எரிந்து வேலை நடந்தால், குறை விரலில் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

துறைமுகத் தொழிலுக்கும் இது பொருந்தும். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் ஆவணங்களை மின்னணுக் கையொப்பத்துடன்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 1.1.2016 முதல் கட்டாயம். அந்தக் கையொப்பம் பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத ஏற்றுமதிக் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்ற சர்வதேசக் கடல்சார் விதியும் நடைமுறைக்கு வந்தது. வே பிரிட்ஜின் எடைகாட்டியிலிருந்து கணினிக்கு எண் வருவது, பல இடங்களில், சிறிய சீரியல் கன்வெர்ட்டர் வழியாகத்தான். டோக்கன் உறங்கினால் ஷிப்பிங் பில் நிற்கும். கன்வெர்ட்டர் உறங்கினால் லாரி நிற்கும்.

மின்சேமிப்பை நிறுத்தினால் கரண்ட் பில் ஏறுமே என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஐந்து வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் என்றால் இரண்டரை வாட். கருவி தன் உச்ச அளவிலேயே தினம் பத்து மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆக நாற்பது நாள் பிடிக்கும். உண்மையான சேமிப்பு, ஆளில்லாத நேரத்தில் மானிட்டரை அணைப்பதிலும் இரவில் பிரிண்டரை நிறுத்துவதிலும் இருக்கிறது. நிறுவனம் வைத்துக் கொடுத்த அமைப்பை நாம் ஏன் தொட வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. அந்த அமைப்பு எல்லோருக்குமான பொது ஏற்பாடு. நாள் முழுக்க வரிசை நிற்கும் கவுன்டரை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. பேட்டரியில் ஓடும் மடிக்கணினியில் அதை அப்படியே விட்டுவைக்கலாம். கவுன்டர் கணினியில் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது ஐந்து நிமிட வேலை. டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்பதன் ப்ராப்பர்டீஸைத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற டிக்கை எடுத்துவிட வேண்டும். பவர் ஆப்ஷன்ஸின் மேல்நிலை அமைப்புகளில் செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்தலாம். சில புதிய மடிக்கணினிகளில் இந்த வரி தென்படாது. இதற்குப் பிறகும் கோளாறு நீடித்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்: உப்புக்காற்றில் பச்சை பிடித்த செருகுமுனை, அல்லது தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் நான்கு கருவிகள். இந்த அமைப்புகளை மாற்றும்போது திரைப்பூட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். டோக்கன் தூங்குகிறதே என்று அதைச் செருகியபடியே விட்டுப் போவதும் ஆபத்து. கையொப்பச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கத் தக்க கவனம் எடுப்பது உரியவரின் கடமை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவு.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கும் உரிமை உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அங்க அடையாளம் பொருந்தவில்லை என்பதற்காகவே உரிய பலனை மறுக்கக் கூடாது என்பதைத் தெளிவுபடுத்தியது. ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றுக்கு முகப்பதிவு வசதி 2021 முதல் இருக்கிறது. ஆதார் தொடர்பான புகாருக்கு 1947 என்ற எண்ணை அழைக்கலாம். கருவி வாங்கியவருக்கும் வழி உண்டு: நல்ல கருவியைப் பழுதென்று சொல்லிப் புதியதை விற்றாலோ, உத்தரவாதக் காலத்தில் மாற்றித்தர மறுத்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள். வேறொரு கணினியில் செருகிச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மையம் நடத்துபவர்களே, அடுத்த முறை ஒருவரின் ரேகை பதியாவிட்டால், "கை தேஞ்சு போச்சு" என்று சொல்லும் முன் கருவியை ஒருமுறை எடுத்துச் செருகிப் பாருங்கள்.