ஓடும் பெல்ட்டும் தோள் துண்டும்!

அறுவடைக் காலம் வந்துவிட்டால் விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல் மூட்டை மலை மலையாகக் குவியும். உளுந்தும் மணிலாவும் வந்து சேரும்.

ஒரு காலத்தில் எல்லாம் முதுகுச் சுமைதான். இப்போது மோட்டார் வந்துவிட்டது. தூற்றும் எந்திரம், மூட்டையை லாரிக்கு ஏற்றும் பெல்ட், அரிசி ஆலையில் நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டர்! முதுகு பிழைத்தது. விரலுக்கு ஆபத்து வந்தது.

எப்படி?

பெல்ட்டும் சக்கரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே எது பட்டாலும் உள்ளே இழுக்கும். தோள் துண்டின் நுனி போதும். சேலை முந்தானை போதும்.

ஒரு கணக்குப் போடுவோம். சக்கரத்தின் குறுக்களவு 1 அடி. நிமிடத்துக்கு 500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பெல்ட் வினாடிக்கு 26 அடி ஓடுகிறது! ஒருவர் "ஐயோ" என்று கத்தி, இன்னொருவர் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அணைத்தாலும் சக்கரம் உடனே நிற்காது. அந்த இடத்தை இரும்பு வலையால் மூடுவதுதான் வழி.

மூடித்தான் வருகிறது. பிறகு ஏன் கழற்றுகிறார்கள்? பெல்ட் நழுவும். வைக்கோல் அடைக்கும். ஒவ்வொரு தடவையும் திருகாணியைக் கழற்றி மாட்ட நேரம் ஏது? லாரி காத்து நிற்கிறது. கூலியோ மூட்டைக் கணக்கு. வலை சுவரோரம் போய்விடுகிறது. தொழிலாளியை மட்டும் குறை சொல்வது நியாயம் அல்ல.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், ஓடும் எந்திரத்துக்கு வேலி போடச் சொன்னது. பக்கத்தில் போகிறவர் இறுக்கமான உடை அணிய வேண்டும் என்றது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020-ல் இயற்றிய புதிய சட்டம் அதை 20 பேர் ஆக்கியது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் மண்டி?

1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம் விரலுக்கும் கணக்கு வைத்தது. கட்டை விரல் போனால், சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போச்சு! மற்ற விரல்களில் மூன்று போனாலும் அதே 30 சதவீதம்தான். கட்டை விரல் இல்லாமல் மூட்டையின் காதைப் பிடிக்க முடியுமா?

விரல் துண்டாகிவிட்டால் கையை உயர்த்தி, காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விழுந்த விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரலை நேராக ஐசில் போடக்கூடாது. இரண்டு ஊருக்கும் இடையே, சாலையோரம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. விரலையும் கையோடு கொண்டு போங்கள்.