பள்ளி நேரத்தில் ஒரு கதீட்டர்

பள்ளி நடக்கும் ஆறேழு மணி நேரத்துக்குள் ஒரு குழந்தைக்குக் குழாய் வழியே சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருக்கும். இன்னொரு குழந்தைக்கு வயிற்றில் பொருத்திய குழாயில் மதிய உணவைச் செலுத்த வேண்டும். வேறொரு குழந்தைக்கு வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டிவிட்டால் உடனே மருந்து கொடுத்தாக வேண்டும். இவற்றைப் பள்ளி வளாகத்திலேயே, பயிற்சி பெற்றவர் கையால் செய்துதரும் ஏற்பாடே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான பள்ளி உடல்நலச் சேவை. சாய்தளம் கட்டுவதும் சக்கர நாற்காலி தருவதும் கண்ணுக்குத் தெரியும் வேலைகள். இந்தச் சேவை கண்ணில் படாது. ஆனால் இது இல்லாத பள்ளிக்குள் சில குழந்தைகள் நுழையவே முடியாது.

அமெரிக்காவில் பள்ளிக்குச் செவிலியர் வந்தது 1902-இல். நியூயார்க் நகரப் பள்ளிகளில் மருத்துவர்கள் சோதனை செய்து, கண்நோய், சிரங்கு, பேன் தொற்று உள்ள குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அனுப்பிய பிறகு அவர்களுக்கு மருந்து போடுவார் யாருமில்லை. சமூகச் செவிலியத்தின் முன்னோடியான லில்லியன் வால்டு, லீனா ரோஜர்ஸ் என்ற செவிலியரைச் சோதனை முயற்சியாகச் சில பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தார். அவர் பள்ளியிலேயே புண்ணுக்கு மருந்திட்டார், வீடு தேடிப் போய்த் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓராண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. நோயைக் கண்டுபிடித்துக் குழந்தையை வெளியேற்றுவது ஒன்று. குழந்தையை உள்ளே வைத்துக்கொண்டு நோயைக் கவனிப்பது வேறொன்று. பின்னாளில் நீதிமன்றம் வரை போன வழக்குகளின் வேரும் இந்த வேறுபாடுதான்.

அந்தச் செவிலியம் நெடுங்காலம் தொற்றுநோய்க்காகவே இயங்கியது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிக் கணக்கிலேயே இல்லை. 1970-இல் அவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அமெரிக்கப் பள்ளிகள் கல்வி தந்தன. 1975 நவம்பரில் குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் இதை மாற்றியது. ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் தகுந்த இலவசக் கல்வி உரிமையானது. குழந்தைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதப்பட்டது. அந்தக் கல்வியால் பயன்பெறத் தேவையான துணைச் சேவைகளையும் பள்ளியே தர வேண்டும் என்றானது. சட்டத்தில் ஒரு விலக்கும் இருந்தது. நோயைக் கண்டறிவதற்கும் மதிப்பிடுவதற்கும் தவிர, மருத்துவச் சேவை தருவது பள்ளியின் கடமை அல்ல. அப்படியானால் எது பள்ளியின் வேலை, எது மருத்துவமனையின் வேலை? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நடுவில் வந்து நின்றது சிறுநீர்ப்பை.

கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவேண்டிய நரம்புக் குழல் முழுவதும் மூடிக்கொள்ள வேண்டும். கீழ்ப்பகுதி மூடாமல் போனால் பிறக்கும் குழந்தைக்கு ஸ்பைனா பைஃபிடா என்ற பிறவிக் குறை இருக்கும். இக்குழந்தைகளில் பலருக்குக் கால்கள் வலுவிழந்திருக்கும். சிறுநீர்ப்பையை ஆளும் நரம்புகள் தண்டுவடத்தின் கடைக்கோடியிலிருந்து கிளம்புவதால் அவையும் கெட்டுப்போயிருக்கும். பை நிறைந்தது மூளைக்குத் தெரியாது. திறக்கவேண்டிய நேரத்தில் வாயிலும் திறக்காது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகுகிறது. பைக்குள் அழுத்தம் ஏறும்போது சிறுநீர் வந்த வழியே மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. ஸ்பைனா பைஃபிடா உள்ள குழந்தைகள் பலர் ஒருகாலத்தில் சிறுநீரகம் பழுதாகியே இறந்தார்கள்.

இதற்குத் தீர்வு, நாளில் பலமுறை மெல்லிய கதீட்டர் குழாயைச் செலுத்திப் பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிடுவது. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் இதைச் செய்தார். ஆனால் அறுவை அரங்கின் சுத்தம் வேண்டும் என்றார். அதனால் அது மருத்துவமனையை விட்டு வெளியே வரவில்லை. 1970-களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடஸ் வேறு கோணத்தில் யோசித்தார். பை அளவுக்கு மீறி உப்பும்போது அதன் சுவருக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. அதனால்தான் கிருமியை எதிர்க்கும் வலு போய்விடுகிறது. ஆகவே கிருமியே இல்லாத குழாயைவிட, பையை உப்பவிடாமல் நேரத்துக்குக் காலி செய்வதுதான் முக்கியம் என்றார். சோப்புப் போட்டுக் கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும். மருத்துவ உலகம் முதலில் முகம் சுளித்தது. நோயாளிகளின் சிறுநீரகங்கள் பிழைத்ததைப் பார்த்த பிறகு ஏற்றுக்கொண்டது. மருத்துவமனைச் சிகிச்சை அன்றாடப் பராமரிப்பாக மாறியது இந்த ஒரு சிந்தனையால்தான்.

கணக்கும் எளிது. குழந்தையின் வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் சிறுநீர்ப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ மில்லிலிட்டரில் கிடைக்கும். எட்டு வயதுக் குழந்தைக்கு 300 மில்லிலிட்டர். அது நிறையும்முன், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேற்ற வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பள்ளி நேரத்தில் ஒரு முறையாவது வந்துவிடும்.

டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகரில் 1979-இல் மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு அந்த ஒரு முறையைச் செய்யப் பள்ளி மாவட்டம் மறுத்தது. இயன்முறைப் பயிற்சி தருகிறோம், கதீட்டர் போடுவது மருத்துவம், அது எங்கள் வேலையல்ல என்றது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1984 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர் தீர்ப்பை எழுதியபோது சிறுமிக்கு எட்டு வயது. சில நிமிட வேலை, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயிற்சியில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியது. மருத்துவரே செய்தாக வேண்டியதை மட்டும்தான் பள்ளி மறுக்கலாம், செவிலியரோ பயிற்சி பெற்றவரோ செய்யக்கூடியதை மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். நாள் முழுவதும் பள்ளியில் இருக்க உதவாத கல்வி அந்தக் குழந்தைக்கு எட்டாத கல்வி என்பதை நீதிமன்றம் தெளிவாகவே உணர்ந்திருந்தது.

இந்த அளவுகோல் 1999-இல் இன்னும் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அயோவா மாநிலம் சீடர் ரேப்பிட்ஸில் நான்கு வயதில் விபத்தில் தண்டுவடம் துண்டிக்கப்பட்ட மாணவருக்கு மூச்சே வென்டிலேட்டர் வழியாகத்தான். கழுத்தில் இட்ட துளைக்குழாயில் சளி சேர்ந்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். இயந்திரம் நின்றால் காற்றுப்பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும். ஒருவர் நொடியும் அகலாமல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இவ்வளவு செலவு எங்களால் ஆகாது என்றது பள்ளி மாவட்டம். செலவு ஒரு சேவையை மருத்துவச் சேவையாக மாற்றிவிடாது என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவு பற்றிய கவலையை வெற்றுச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. கூடுதல் செலவுக்காக ஒரு மாணவரின் சராசரிக் கல்விச் செலவில் 40 விழுக்காடு வரை ஏற்பதாக 1975 சட்டத்தில் சொன்ன நடுவண் அரசு, பெரும்பாலான ஆண்டுகளில் அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. 1988-இல் ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டுப் பணத்தைப் பள்ளிச் சேவைக்கும் பயன்படுத்த வழி பிறந்ததால் சுமை ஓரளவு குறைந்தது.

தீர்ப்பு உரிமையைத் தந்தது. அன்றாட வேலை செவிலியர் எழுதும் தனி உடல்நலத் திட்டத்தில் நடக்கிறது. எந்த மணிக்கு, எந்த அறையில், யார் செய்வது, அவர் விடுப்பில் போனால் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்பைனா பைஃபிடா குழந்தைக்கான திட்டம் கதீட்டரோடு முடிவதில்லை. சிறுவயது முதல் பலமுறை அறுவை செய்து, ரப்பர் குழாய்களைப் பயன்படுத்தியதால் இவர்களில் பலருக்கு லேடக்ஸ் ஒவ்வாமை உண்டு. பிறந்தநாள் பலூனும் சாதாரண ரப்பர் கையுறையும்கூட ஆபத்தாகலாம். தலையில் தேங்கும் நீரை வடிக்க ஷன்ட் குழாய் பொருத்தியிருந்தால், தலைவலி, வாந்தி, வழக்கமில்லாத தூக்கம் ஆகியவை குழாய் அடைத்துக்கொண்டதற்கு அறிகுறியாகலாம். வகுப்பில் கண்ணயரும் பிள்ளையைச் சோம்பேறி என்று நினைக்கும் ஆசிரியர் உயிர் காக்கும் நேரத்தை இழந்துவிடுவார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாததால் நாற்காலியில் அழுந்தும் இடத்தில் புண் வருவது பிள்ளைக்கே தெரியாது. வேளாவேளைக்கு உடலைத் தூக்கி அமர்த்த வேண்டும். மறைவான இடமில்லாமல் கதீட்டர் போடும் பள்ளியில் சில பிள்ளைகள் கூச்சத்தால் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுவார்கள். அப்போது திட்டம் தாளில் சரியாக இருக்கும், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

இன்றைய பெரும் சிக்கல் ஆள் பற்றாக்குறை. ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேரச் செவிலியர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. நடப்பில் பல இடங்களில் ஒரே செவிலியர் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்கிறார். அவர் இல்லாத நேரத்தில் அலுவலக உதவியாளர் மருந்து கொடுக்கலாமா? மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. மருத்துவரின் எழுத்துமூல ஆணையும் பயிற்சியும் இருந்தால் செவிலியரல்லாத ஊழியரும் நீரிழிவுக் குழந்தைக்கு இன்சுலின் போடலாம் என்று கலிஃபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. செவிலியர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. அளவு தவறினால் உயிர்போகும் மருந்து அது. மறுபுறம், செவிலியருக்காகக் காத்திருந்து வேளை தப்பினாலும் பாதிப்பு குழந்தைக்குத்தான். இரண்டு அச்சமும் நியாயமானவையே.

நல்ல திட்டம் குழந்தையின் கையையும் பழக்குகிறது. ஐந்தாறு வயதில் கை கழுவுவதும் குழாயை எடுத்துவைப்பதும், எட்டு வயதுக்குள் தன் கையாலேயே கதீட்டர் போட்டுக்கொள்வதும் பல குழந்தைகளுக்குச் சாத்தியம். அதைக் கல்வித் திட்டத்தின் இலக்காகவே எழுதலாம். பதினாறு வயதுக்குள் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான ஏற்பாடும் திட்டத்தில் சேர வேண்டும் என்கிறது சட்டம். பள்ளிச் சேவைக்கான உரிமை பெரும்பாலும் இருபத்தொரு வயது வரைதான். அதற்குப் பிறகு நேரம் பார்த்து நினைவூட்டச் செவிலியர் இருக்கமாட்டார். குழந்தைநல மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாற வேண்டும், குழாயும் மருந்தும் தானே வாங்க வேண்டும், வேலையிடத்தில் தனக்கொரு மறைவான அறை கேட்டுப் பெற வேண்டும்.