ஷிப்ட் மாறியது, செய்தி மாறவில்லை

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய்த் தளம். அங்கே இருந்த இரண்டு பம்புகளில் ஒன்றின் பாதுகாப்பு வால்வை அன்று பகலில் கழற்றி, குழாய் வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடியிருந்தார்கள். வேலை முடிவதற்குள் மாலை ஷிப்ட் மாறிவிட்டது. வால்வு இல்லை என்ற செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. இரவு பத்து மணி நெருங்கும்போது ஓடிக்கொண்டிருந்த பம்பு நின்றுபோக, வால்வு கழற்றப்பட்டிருந்த பம்பை ஓட்டினார்கள். கசிந்த வாயு வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

வால்வு வேலைக்கு அனுமதிச் சீட்டு இருக்கத்தான் செய்தது. அது தெரியவேண்டியவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இது கடலுக்கு நடுவே மட்டும் நடப்பதில்லை. ஒரு நூற்பாலையை நினைத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கிக்கொண்டதென்று சுவிட்சை அணைத்துவிட்டு ஃபிட்டர் கையை உள்ளே விடுகிறார். அப்போதுதான் வேலைக்கு வந்த ரிலீவர், மெஷின் சும்மா நிற்கிறதே என்று சுவிட்சைப் போடுகிறார். இருவருமே தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். போவது ஒருவருடைய விரல்கள்.

மொழி தெரியாத இடத்தில் ஆபத்து இன்னும் கூடுகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்யும் கூடத்தில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், அது அவர்களுக்கு வெறும் சுவர். சூப்பர்வைசர் சொல்வதற்கெல்லாம் அவர்கள் தலையாட்டலாம். புரிந்ததால் ஆட்டினார்களா, பயந்து ஆட்டினார்களா என்று யார் கேட்டது?

உங்கள் உரிமை என்ன?

1984 போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. வேலையிலுள்ள ஆபத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை என்று அந்தத் திருத்தம் எழுதிவைத்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பின் 14-ஆம் பிரிவிலும் இது இருக்கிறது. உங்கள் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை முதலாளியிடம் கேட்கலாம். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால், நிர்வாகத்திடம் சொல்லும்போதே அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். ஆபத்து உண்மையென்றால் உடனே சரிசெய்வது நிர்வாகத்தின் கடமை.

என்ன செய்யலாம்?

ஷிப்ட் ஒப்படைப்பை நேருக்கு நேர் செய்யுங்கள். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது பாதியில் கிடக்கிறது என்ற மூன்றையும் லாக் புக்கில் எழுதி, வாயாலும் சொல்லுங்கள். கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் அவர் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் சொல்ல வையுங்கள். முடிந்தால் மெஷின் பக்கத்தில் நின்று செய்துகாட்டுங்கள். கையை உள்ளே விடுமுன் மெயின் சுவிட்சைப் பூட்டி, 'ஆள் வேலை செய்கிறார்' என்று அட்டை மாட்டுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.

குறையைச் சொல்லியும் நடவடிக்கை இல்லையா? தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாதுகாப்புக் குழு இருந்தால் அங்கே வையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒப்படைப்புக்கு ஆகும் அந்தச் சில நிமிடங்களை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள். 'பஸ் போய்விடும்' என்று ஓடுகிறவரால் எதையும் நின்று சொல்ல முடியாது.

இன்று வேலை முடிந்து கிளம்பும்போது, உங்கள் இடத்துக்கு வருகிறவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: "இந்த மெஷினைத் தொடாதீங்க, வேலை இன்னும் முடியல."