யாழின் கணக்கும் தாழ்சுரக் கிற்றாரின் அமைப்பும்

நரம்புக் கருவி ஒவ்வொன்றும் இருவகை அறிவின் கூட்டால் உருவாவது. மரத்தை அறிந்த கை ஒன்று. ஒலியின் அளவை அறிந்த கணக்கு மற்றொன்று. கை வழுவின் கருவி நில்லாது. கணக்கு வழுவின் இசை நில்லாது. இவற்றுள் கையறிவு, எழுதி வையாதவிடத்து, கம்மியனோடு மறையும் இயல்பினது. இவ்வுண்மையை உணரப் பிறநாட்டு வரலாற்றை நாடவேண்டுவதில்லை. மட்டக்களப்பு நாடு ஈன்ற விபுலாநந்த அடிகளாரின் யாழாராய்ச்சியே தக்க சான்றாகும். அதனை முன்னிறுத்தி, இக்கால இளைஞர் விரும்பிப் பயிலும் ‘பேஸ் கிற்றார்’ என்னும் தாழ்சுர மின்கிற்றாரைக் கையாற் செய்யும் முறையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அடிகளார் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். தமிழும் பௌதிகமும் ஒருவரிடத்தே கூடியமையால், வழக்கொழிந்த யாழுக்கு மீண்டும் உருவம் கிடைத்தது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதையில் யாழாசிரியனது அமைதி கூறும் பகுதியை அடியாகக் கொண்டு அவர் இயற்றிய ‘யாழ் நூல்’, 1947ஆம் ஆண்டு யூன் 5, 6ஆம் நாட்களில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த திங்கள் 19ஆம் நாள் அடிகளார் இவ்வுலகை நீத்தார்.

அவர்க்கு எஞ்சியிருந்த சான்றுகள் எத்தகையன? பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை உவமைகளாற் காட்டுகின்றது. பத்தர் மானின் குளம்புச் சுவடு போல நடுவே உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்கும். துளையை மூடிய ஆணி வளையில் வாழும் நண்டின் கண் போன்றது. கரிய கோடு படமெடுத்த பாம்பு போல நிமிர்ந்து நிற்கும். இவ்வுவமைகளின் அழகு குறைவற்றது. ஆயின், பத்தரின் நீளம் எத்துணை, நரம்பின் பருமை யாது, கோட்டின் வளைவு எவ்வளவு என்பனவற்றை உவமை கூறாது. அவற்றை யாழ் செய்த கம்மியர் கையால் அறிந்திருந்தனர்; அவ்வளவுகள் நமக்கு வந்து சேரவில்லை. ஆகவே உவமையினின்று உருவத்தையும், நரம்புகளின் உறவினின்று கணக்கையும் அடிகளார் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று.

அக்கணக்கிற்கு அடிப்படையான விதி எளிது. ஒரே இழுவிசையில் நிற்கும் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் அதிர்வெண் இருமடங்காகும். நீளத்தை மாற்றாது இழுவிசையை நான்கு மடங்காக்கினும் அதுவே நிகழும். நரம்பின் நிறை நான்கு மடங்காயின் அதிர்வெண் பாதியாகும். யாழில் ஒரு நரம்பு ஓர் ஒலியையே தரும். ஆதலால் பேரியாழுக்கு 21 நரம்புகள் வேண்டியிருந்தன. வீணையிலும் கிற்றாரிலும் நரம்பை விரலால் அழுத்தி நீளத்தைக் குறைக்கின்றோம். எனவே சில நரம்புகளே பல ஒலிகளைத் தருகின்றன. அழுத்துமிடத்தை வரையறுப்பது மெட்டு. யாழில் நரம்புதோறும் பரந்து கிடந்த கணக்கு, கிற்றாரில் மெட்டுகளின் இடைவெளியில் அடங்கியிருக்கின்றது.

மேனாட்டு இசையில் தாழ்ந்த சுரங்களை முன்னர் இசைத்தது, ஆளுயரத்தை விஞ்சிய, மெட்டில்லாப் பெரிய வில்வாத்தியமாகும். 1951இல் அமெரிக்கரான லியோ பெண்டர் மெட்டுடைய மின்கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். மெட்டினால் சுரம் துல்லியமாக அமைவதுபற்றி அதற்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயரிட்டார். மேருவுக்கும் குதிரைக்கும் இடையே அவர் வகுத்த 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீற்றர், இன்றும் பெரும்பான்மையோர் கைக்கொள்ளும் நீளமாகும். இதன் நான்கு நரம்புகளும் செக்கனுக்கு முறையே 41.2, 55, 73.4, 98 முறை அதிரும். இத்துணைத் தாழ்ந்த ஒலியைக் குறுகிய நரம்பிற் பெற முயலின், நரம்பு தொய்யும். அன்றேல் மிகப் பருத்து ஒலி மழுங்கும். நீண்ட கழுத்தின் காரணம் இதுவே.

இனி மெட்டுகளை அமைக்கும் முறை. ஒரு தாயியைப் பன்னிரு சமபங்காக வகுப்பதால், எஞ்சியுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்து அடுத்த மெட்டின் இடைவெளியைக் காணலாம். முதல் மெட்டு மேருவிலிருந்து 48.47 மில்லிமீற்றரிலும், இரண்டாவது 94.22 மில்லிமீற்றரிலும், பன்னிரண்டாவது சரிபாதியாகிய 431.8 மில்லிமீற்றரிலும் அமையும். எல்லா மெட்டுகளையும் மேருவிலிருந்தே அளந்து குறித்தல் வேண்டும். முந்திய மெட்டிலிருந்து அளப்பின் சிறு பிழைகள் ஒன்றோடொன்று கூடிப் பெரும்பிழையாகிவிடும்.

இவ்விடத்துத் தமிழிசை பயின்றோர்க்கு ஓர் ஐயம் எழும். குரலுக்கு இளி 3க்கு 2 என்னும் விகிதத்தில் நிற்பதன்றோ? அவ்விகிதப்படி இளி மேருவிலிருந்து 287.87 மில்லிமீற்றரில் நிற்கவேண்டும். ஏழாம் மெட்டோ 287.22இல் நிற்கின்றது. வேறுபாடு மில்லிமீற்றரின் மூன்றில் இரண்டு பங்களவே. இதன் காரணத்தையும் கணக்கே காட்டும். இளி முறையாகப் பன்னிருமுறை ஏறினால் அடையும் அதிர்வெண் தொடக்கத்தின் 129.75 மடங்கு, ஏழு தாயி ஏறினால் 128 மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று முட்டுவதில்லை. சமபங்கு முறை அவ்வெச்சத்தைப் பன்னிரு இடங்கட்கும் பகிர்ந்து அளிக்கின்றது. ஒரு கருவியில் எல்லாச் சுரங்களையும் தொடக்கமாகக் கொள்ளும் வசதிக்காக இயற்கை விகிதத்திற் சிறிது விட்டுக்கொடுக்கப்படுகின்றது. இயற்கை விகிதத்தையே வேண்டுவோர் மெட்டில்லா விரற்பலகையை அமைத்துச் செவியைத் துணைக்கொள்ளலாம்.

கணக்கு முடிந்தபின் மரம். நான்கு உருக்கு நரம்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் எடைக்கு நிகராகக் கழுத்தை இழுக்கின்றன. எனவே ஒரே பலகையினும், நார்ப்போக்கு மாறி நிற்குமாறு ஒட்டிய மூன்று அல்லது ஐந்து பட்டைகள் சிறந்தன. உள்ளே இறுக்கவும் தளர்த்தவும் கூடிய உருக்குக் கம்பியும் வேண்டும். வாவியோர நிலத்தில் வேறோர் இடரும் உண்டு. கச்சான் வீசுங்காலத்து வறளும் மரம், மாரியில் ஈரத்தை ஏற்றுக் குறுக்கே பருக்கும். ஆதலால் அறுத்த பலகையை அடுக்கி, இடையிடையே குச்சி வைத்துக் காற்றோட்டத்தில் உலர்த்தல் வேண்டும். ஓரங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பொது விதி. கழுத்திற்கு முதிரையும் உடலுக்குப் பலாவும் ஏற்றவை. பலா வீணைக்கும் பழகிய மரமன்றோ? தோணி கட்டும் ஓடாவியர் ஈரத்தையும் நாரையும் நோக்கிப் பலகை தேரும் திறம், கிற்றார் செய்வோர்க்கும் பெருந்துணையாகும்.

யாழுக்குப் பத்தரும் போர்வைத்தோலும் ஒலியைப் பெருக்கின. மின்கிற்றாரில் அத்தொழிலைக் காந்தம் ஏற்கின்றது. காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுச் சுற்றுவர். அதன்மேல் உருக்கு நரம்பு அதிர, 1831இல் பரடே கண்ட விதிப்படி கம்பியில் மின்னோட்டம் எழுந்து பெருக்கியை அடைகின்றது. ஆதலால் உடல் உட்குழிவின்றித் திண்ணிதாயிருக்கலாம். ஆயின் தோல்நரம்பும் பித்தளைக் கம்பியும் இதற்கு உதவா.

ஒருவர்க்கெனவே கருவி செய்வதன் பயன், அவர் கைக்கு அளவெடுத்துச் செய்வதில் உள்ளது. சிறுவிரலுடையார்க்கு 30 அங்குல நீளம் பொருந்தும். நீண்டநேரம் நின்று இசைப்பார்க்கு உடலின் எடை குறைதலும், கழுத்துப் பக்கம் தலைசாயாமையும் வேண்டும். தடித்த நரம்பை அழுத்துங்கால் சுரம் சிறிது உயர்தலின், அவ்வவ் நரம்பிற்கேற்பக் குதிரையைச் சில மில்லிமீற்றர் பின்னே நகர்த்தல் வேண்டும். இவை யாவும் தொழிற்சாலைக் கருவியில் பொதுவாயமைவன. கைவினையிலே தனித்தனியே தீர்மானிக்கப்படுவன.

தனியே தீர்மானித்தது தனியே மறைந்துபோகவும் கூடும். ஆகவே, கிற்றார் செய்யப் புகும் மாணவர் உளியோடு ஓர் அளவேட்டையும் கையிற் கொள்வாராக. மரத்தின் பெயர், உலர்த்திய காலம், கழுத்தின் கனம், மெட்டின் தூரம், காந்தச் சுற்றின் எண்ணிக்கை, ஒருமுறை தவறிப் பின் திருத்திய இடம் ஆகிய யாவற்றையும் அன்றன்று குறித்து வைப்பாராக. பண்டைக் கம்மியர் யாழுக்கு இத்தகைய ஏடொன்றை வைத்து, அதுவும் நம் கைக்கு எட்டியிருந்ததாயின், அடிகளாரின் அரிய உழைப்பு அளவைத் தேடுவதிற் செலவாகாது, அதற்கு மேலும் சென்றிருக்கும். நல்ல கருவியைச் செய்தவன் அவ்வளவேட்டையும் விட்டுச்செல்லின், இன்னும் பிறவாத ஒருவன் அதனை மீண்டும் செய்வான்.