பழகிய சட்டை

நம் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். காலை வேளையில், பனி மூடிய சாலையில் நம் மாணவர்கள் கம்பளிச் சட்டை அணிந்து வரிசையாக வருவது கண்ணுக்கு இனிய காட்சியாகும். சென்ற ஆண்டு அவ்வரிசையில் ஒரு சிறுமியின் சட்டை நம் கருத்தைக் கவர்ந்தது. சட்டை முழுவதும் இளஞ்சிவப்பு. இரு கைகளின் நுனியில் மட்டும் நான்கு விரல் அளவு பச்சை. மூன்றாண்டுகளாக அதே சட்டைதான். பேத்தி வளர வளர, அவளுடைய பாட்டியார் கிடைத்த நூலைக் கொண்டு பின்னிக் கையை நீட்டியிருக்கிறார். அச்சிறுமிக்கு அதன்மீது கொள்ளை ஆசை. ஆயினும் வகுப்புப் படம் எடுத்த நாளில், யாரோ ஏதோ சொல்லிவிட, அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுக் குளிரில் நடுங்கியபடியே நின்றாள். இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது அந்நிகழ்ச்சியே.

அணிந்ததையே மீண்டும் அணிவது இழிவு என்னும் எண்ணம் நம்மிடையே பழைமையானதன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவுக்குத் துணி வரத்து அற்றுப்போயிற்று. தோட்டங்களில் சாக்கைக் கிழித்து உடுத்தியவர் பலர். அக்காலத்தைக் கண்ட பெரியோர் ஒரு கந்தலையும் எறிய மனம் வராதிருந்ததில் வியப்பில்லை. இன்று துணி மலிவு. ஆகவே அதன் அருமை நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு பருத்திச் சட்டை உருவாக, பருத்தி விளைவது முதல் சாயம் ஏறுவது வரை, சுமார் 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று கணக்கிட்டுள்ளனர். இஃது எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போம். கேமரன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். எனவே, பாய் ஒன்றின் பாதியளவு நிலத்தில் ஓராண்டு முழுதும் பெய்யும் மழை, ஒரே ஒரு சட்டைக்குச் செலவாகிறது! அச்சட்டையை நான்கு முறை அணிந்து எறிவதும் நானூறு முறை அணிவதும் ஒன்றாகுமா?

பழகிய துணியின் சுகம் வெறும் கற்பனையன்று. புதுத் துணியில் ஆலையில் ஏற்றிய கஞ்சியும் பிற பூச்சுகளும் இருக்கும். துவைக்கத் துவைக்க அவை நீங்கி, இழைகள் தளர்ந்து மென்மையாகும். மலாய் அன்பர்கள் அணியும் காயின் பெலிக்காட் கைலியைப் பாருங்கள். தமிழகத்துப் பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரே அதற்கு அமைந்தது. பல நாள் துவைத்து இளகிய கைலியின் சுகம் உடுத்தியவர்க்கே தெரியும்.

ஆயினும் நம் ஊரின் ஈரக்காற்று துணிக்குப் பகை. சற்றே ஈரமுள்ள துணியை மடித்து வைத்தால் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடிக்கும். பருத்தி நூல் நனைந்தால் வலுக்கூடும். ஆகவே அதனை அடித்துத் துவைத்தாலும் தாங்கும். ஆட்டுக் கம்பளியோ நனைந்தால் வலுக்குன்றும். அதனை முறுக்கிப் பிழிந்து கொடியில் தொங்கவிட்டால், தன் பாரத்தாலேயே நீண்டு உருக்குலைந்து போகும். பழந்துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தபின், தட்டையாக விரித்து நிழலில் உலர்த்துக. கடைகளில் கம்பளி என்று விற்பவற்றுள் பல அக்ரிலிக் என்னும் செயற்கை நூலால் ஆனவை. அவற்றிற்குச் சூடான இஸ்திரிப் பெட்டி ஆகாது. கொழுந்துக் கறை பட்டால் காயவிடாமல் உடனே தண்ணீரில் அலசுதல் நன்று. தையல் ஓரிடத்தில் விட்டதும் அன்றே ஊசியை எடுக்க வேண்டும். மறுவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் விட்ட கிழிசல்கள் எத்தனை!

தீபாவளிக்குப் புத்தாடை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. குழந்தைகளின் அம்மகிழ்ச்சியைக் கெடுப்பானேன்? கடன் பட்டு நான்காவது உடுப்பு வாங்குவதைப் பற்றியே பெற்றோர் சற்று எண்ண வேண்டும் என்கிறோம்.

இவ்வாண்டும் அச்சிறுமி அதே சட்டையில்தான் வருகிறாள். பச்சைக்குக் கீழே இப்போது இரண்டு விரல் மஞ்சள் சேர்ந்திருக்கிறது.