ஓலையில் கீறலும் தகட்டில் குழியும்

திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் கையெழுத்துச் சுவடி நூலகமும் அமைந்துள்ளன. அங்கே 60,000-க்கும் மேற்பட்ட சுவடிகள் காக்கப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை பனையோலைகள். நெல்லைச் சீமையில் பிறந்த த. கணபதி சாஸ்திரி, பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களை 1912 முதல் அச்சேற்றியது ஓலைச் சுவடிகளின் துணைகொண்டே. 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கும் இதே வட்டாரத்தில்தான் உள்ளது. ஓலையும் கணிப்பொறியும் இங்கு அண்டை வீட்டார். ஓலையைப் படமெடுத்து ஒளித்தகட்டில் பதித்துவிட்டால் அது பத்திரமாகிவிடுமா என்னும் கேள்வி எழுவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஓலையில் எழுத்தாணி கீறுகிறது. ஆலையில் அச்சிடப்படும் தகட்டில் நுண்ணிய குழிகள் அழுத்தப்படுகின்றன. அவை உள்ளிருந்து வெளியே சுருளாகச் செல்கின்றன. குறுந்தகட்டில் ஒரு மில்லிமீட்டர் அகலத்திற்குள் ஏறத்தாழ 600 சுற்றுகள் அடங்கும். குழியின் ஆழம் லேசர் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஆகவே குழியிலிருந்து திரும்பும் ஒளி, அருகிலுள்ள பரப்பிலிருந்து திரும்பும் ஒளியைவிட அரை அலைநீளம் வேறுபட்டு, அதனைப் பெருமளவு அழித்துவிடுகிறது. ஒளி மாறும் விளிம்பு 1; மாறாத இடம் 0. குறுந்தகட்டின் 780 நானோமீட்டர் ஒளியை டிவிடியில் 650 ஆகவும், புளூரேயில் 405 ஆகவும் குறைத்ததால் குழிகளும் சிறுத்தன. 700 மெகாபைட்டாக இருந்த கொள்ளளவு முறையே 4.7, 25 கிகாபைட்டாக உயர்ந்தது.

சலனப்படத்திற்கு இதுவும் போதாது. சுருக்கப்படாத தொலைக்காட்சிப் படம் ஒரு டிவிடியை நான்கு நிமிடங்களுக்குள் நிரப்பிவிடும். அடுத்தடுத்த சட்டங்களில் மாறிய பகுதிகளை மட்டும் குறித்துவைக்கும் எம்பெக் முறையினால்தான் இரண்டு மணி நேரப் படம் அதில் அடங்குகிறது.

அலுவலகங்களில் நாம் பதிவுசெய்யும் தகடுகளில் குழிகளே இல்லை. அங்கே லேசர், சாயப் படலம் ஒன்றைச் சுட்டு மாற்றுகிறது. வெப்பமும் ஈரமும் வெயிலும் அச்சாயத்தைக் கெடுக்கும். கேரளத்தின் மழைக்காலத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றொரு சிக்கலும் உண்டு. ஓலையைப் பூச்சி அரித்தால் கண்ணுக்குத் தெரியும். தகட்டிலோ பிழைதிருத்தக் குறியீடுகள் சிதைவை மறைத்துக்கொண்டே வருகின்றன. கீறல் இரண்டு மில்லிமீட்டர் நீண்டாலும் இசை தடைபடாது. அந்த எல்லை கடந்ததும் கோப்பு முழுவதுமே திறக்காமற் போகலாம்.

ஆதலின் பிழை எண்ணிக்கையை அவ்வப்போது சோதித்து, அது பெருகுமுன் மறுபடி எடுப்பது கட்டாயம். ஓலை நைந்துபோகுமுன் நம் முன்னோர் புதிய ஓலையில் படியெடுத்தது போன்றதே இதுவும். படிகளை வெவ்வேறு ஊர்களில், தகட்டில் மட்டுமின்றி வேறு சாதனங்களிலும் வைப்பது நலம். புதிய கணிப்பொறிகள் பலவற்றில் தகடு செலுத்தும் பொறியே இல்லை. குறுந்தகட்டின் மேற்புறத்தில் பந்துமுனைப் பேனாவால் பெயர் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். பலரும் அடிப்புறத்தையே பேணுகிறார்கள். ஆனால் பதிவுப் படலம் இருப்பது மேற்புற மெருகுப் பூச்சுக்குச் சற்றே கீழேதான்.