சமையல்காரர் நம்ம ஆள்... கூலி மண்டபத்துக்கு!

கல்யாண மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டீர்களா? "வாடகை எவ்வளவு?" என்று கேட்பது இருக்கட்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது.

"எங்க சமையல்காரரைக் கூட்டிட்டு வந்தா எவ்வளவு?"

இதைக் கேட்காமல் அட்வான்சை நீட்டிவிட்டு, அப்புறம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அப்பாக்கள் சென்னையில் அநேகம்.

ஒரு காலத்தில் மண்டபம் என்றால் ஒரு கூடம், ஒரு மேடை, மாப்பிள்ளைக்கு ஓர் அறை, பெண்ணுக்கு ஓர் அறை, பின்கட்டில் கோட்டை அடுப்பு. அவ்வளவுதான். முதல் நாள் மத்தியானம் சாவியை வாங்கினால் மறுநாள் மத்தியானம் வரை அது உங்கள் வீடு மாதிரி. யார் சமைக்கிறார்கள், யார் பூ கட்டுகிறார்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

சமையல் மாஸ்டர் முழ நீளத்துக்கு மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார். பெண்ணின் சித்தப்பா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கொத்தவால் சாவடிக்குப் போவார். 1996-ல் காய்கறி மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போன பிறகு மளிகைக்கு ஒரு பக்கம், காய்க்கு இன்னொரு பக்கம் என்று அலைச்சல் கூடியது. ஆனாலும் கணக்கு வீட்டுக்காரர் கையில் இருந்தது. மிச்சமான பருப்பும் எண்ணெயும் ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பி வரும். இரண்டு மாதச் செலவு அதில் ஓடும்!

இன்றைக்கு அந்தப் பின்கட்டுக் கதவில்தான் பூட்டு.

எல்லா மண்டபமும் அப்படி இல்லை. சில இடத்தில் இன்னமும் யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம். சில இடத்தில் "சாப்பாடு எங்களோடதுதான், வேற பேச்சே இல்லை" என்று கறாராகச் சொல்லிவிடுவார்கள். சில இடத்தில் நாலைந்து காண்ட்ராக்டர் பெயரைச் சொல்லி, "இதுல ஒருத்தரைப் பிடிச்சுக்குங்க" என்பார்கள். இவர்களிடமெல்லாம் குழப்பம் இல்லை. பிடித்தால் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த தெருவுக்குப் போகலாம்.

குழப்பமே நாலாவது ரகத்தில்தான். "தாராளமா உங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க சார். ஒரு சின்ன சார்ஜ் மட்டும் இருக்கு."

அந்தச் 'சின்ன சார்ஜ்' என்பது என்ன? சில இடங்களில் அதற்கு 'ராயல்டி' என்றே பெயர். புத்தகம் எழுதியவருக்கும் பாட்டு எழுதியவருக்கும் கொடுப்பதைத்தான் ராயல்டி என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சாம்பார் வைக்காதவருக்கும் உண்டு என்பது மண்டபத்துக்குப் போனால்தான் தெரியும்!

இலைக் கணக்கு

இந்தப் பணத்தை வாங்குவதில் இரண்டு வழி. மொத்தமாக ஒரு தொகை, அல்லது இலைக்கு இவ்வளவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்டப வாடகை ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது ரூ.18 ஆயிரம். வெளிச் சமையலுக்கு இலைக்கு ரூ.50 என்கிறார் மேனேஜர். வரவேற்பு அன்று இரவு 400 பேர், மறுநாள் காலை டிபனுக்கு 200 பேர், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு 300 பேர். ஆக 900 இலை. ரூ.45 ஆயிரம்! வாடகையில் கிட்டத்தட்ட பாதி. இதில் ஒரு பிடி அரிசிகூட மண்டபத்துடையது கிடையாது.

காபி குடித்துவிட்டு எழுந்தவரும் ஒரு இலையா? மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு இலை உண்டா? இதையெல்லாம் எண்ணுவது யார்? பந்தி நடக்கும்போது மண்டபத்து ஆள் ஒருவர் வாசலில் நின்று எண்ணுவார். பெண் வீட்டு ஆள் ஒருவரும் நின்று எண்ணாவிட்டால் அவர் சொன்னதுதான் கணக்கு.

சமையலோடு முடிந்துவிடுவதும் இல்லை. மணவறை அலங்காரத்துக்கு வெளியாள் வந்தால் அதற்குத் தனி. சீரியல் விளக்கு, மைக் செட், பாட்டுக் கச்சேரி என்றால் அதற்குத் தனி. ஐஸ்கிரீமும் பீடாவும் வெளியிலிருந்து வந்தால் அதற்கும் கையை நீட்டும் இடங்கள் இருக்கின்றன. தாலி மட்டும்தான் இன்னும் பாக்கி!

ஒயின் பாட்டில் சங்கதி

இது நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக்காரர் ஊரில் இதற்கு வெகுநாளாக ஒரு பெயர் இருக்கிறது. கார்க்கேஜ்! ஒயின் பாட்டிலின் வாயில் இருக்கும் தக்கைக்குக் கார்க் என்று பெயர் அல்லவா, அதைக் கழற்றும் கூலி.

லண்டனிலோ மெல்போர்னிலோ கல்யாணத்துக்கு ஹால் பிடிக்கிறார்கள். ஹாலில் விற்கும் ஒயின் விலை அதிகம். மொத்தக் கடையில் வாங்கினால் மலிவு. இங்கிலாந்துக்காரர்கள் இதற்காகவே கடலைத் தாண்டி பிரான்சின் கலே துறைமுகத்துக்குப் போய், கார் டிக்கி நிறையப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு வந்த காலம் உண்டு. நம் சித்தப்பா கொத்தவால் சாவடிக்குப் போன மாதிரியேதான்!

ஹால்காரர் சும்மா விடுவாரா? "கொண்டு வாங்க, பாட்டிலுக்கு இவ்வளவு கொடுங்க" என்கிறார். பொங்கி வரும் ஷாம்பெயின் வகைக்குப் பல இடங்களில் ரேட் கொஞ்சம் கூடுதல். ஆனால் அந்தப் பணத்துக்கு அங்கே வேலை நடக்கிறது. பாட்டிலை ஐஸில் வைப்பது, கிளாஸ் கொடுப்பது, ஊற்றுவது, கழுவுவது, காலிப் பாட்டிலை அள்ளிப் போடுவது எல்லாம் ஹால்காரர் பொறுப்பு. திறந்த பாட்டிலுக்கு மட்டும் காசு, மூடியது மூடியபடி திரும்பப் போகும் என்று ஒப்பந்தம் போடுபவர்களும் உண்டு. ஹாலுக்குப் போகும் லாபம் அதிலே அடங்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

தமிழ்நாட்டு மண்டபத்தில் இந்தப் பாட்டில் பேச்சே எடுபடாது. 2023-ல் மண்டபங்களிலும் விளையாட்டு அரங்குகளிலும் சிறப்பு உரிமம் வாங்கி மது பரிமாறலாம் என்று அரசு விதியைத் திருத்தியது. எதிர்ப்பு கிளம்பியதும் கல்யாண மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே இங்கே தக்கைக்குக் கூலி கிடையாது. அந்த இடத்தில் தாளிக்கிற கரண்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

மண்டபக்காரர் என்ன சொல்கிறார்?

அவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளியாள் வந்தால் அடுப்படியில் எண்ணெய் வழியும். சாக்கடையில் சோற்றுப் பருக்கை அடைக்கும். டைல்ஸ் உடையும். "மத்தியானம் கிளம்பிடறாங்க சார், சாயந்திரம் அடுத்த பார்ட்டிக்கு நான் பதில் சொல்லணும்" என்பது மேனேஜரின் வழக்கமான பல்லவி. சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கினால் பேப்பரில் வருவது சமையல்காரர் பெயர் அல்ல, மண்டபத்தின் பெயர்.

கரண்ட் விஷயத்தில் பயம் இன்னும் நியாயமானது. 2004 ஜனவரி 23-ம் தேதி ஸ்ரீரங்கத்தில் முகூர்த்த நேரத்தில் மண்டபத்துப் பந்தல் தீப்பிடித்து, மணமகன் உள்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அதைப் படித்த எந்த மண்டபக்காரரும், யாரென்று தெரியாத ஆள் வந்து ஒயரை ஒட்டுப்போட்டு விளக்கு மாட்டுவதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

சரி, அப்படியானால் அந்தப் பணம் துப்புரவுக்கும் பாதுகாப்புக்கும் என்று எழுதிக் கொடுக்கலாமே? துப்புரவுக்கு பில்லில் தனி வரி இருக்கிறது. பாத்திர வாடகை தனி. காஸ் சிலிண்டர் தனி. கரண்ட் யூனிட் கணக்கில் தனி, ஜெனரேட்டர் டீசல் மணிக் கணக்கில் தனி. உடைந்தால் பிடித்துக்கொள்ள டெபாசிட் தனி. இத்தனைக்கும் பிறகு வருவது எந்த வேலைக்கான கூலி? தன் காண்ட்ராக்டர் சமைத்திருந்தால் கிடைத்திருக்கும் கமிஷன். வேறொன்றும் இல்லை.

கமிஷன் கேட்பது கொலைக் குற்றம் அல்ல. கேட்கிற நேரம்தான் குற்றம்.

எப்போது சொல்கிறார்கள்?

திருவல்லிக்கேணியில் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். வளர்பிறை முகூர்த்தம், ஞாயிற்றுக்கிழமை. ஆறு மாதத்துக்கு முன்பே ஓடிப்போய் மண்டபத்தைப் பிடிக்கிறார். பாதி வாடகை அட்வான்ஸ். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருபது நிபந்தனை. யார் படிக்கிறார்கள்?

பத்திரிகை அச்சடித்து, குலதெய்வத்துக்கு வைத்து, சம்பந்தி வீட்டிலும் கொடுத்தாகிவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்குச் சமைத்த மாஸ்டரையே பேசி முடித்தாயிற்று. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மண்டபத்திலிருந்து போன்.

"சார், வெளிச் சமையல்னு சொன்னீங்களாமே. அதுக்கு நாப்பத்தஞ்சாயிரம் கட்டணும்."

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லலியேங்க?"

"ரசீது பின்னாடி போட்டிருக்கே சார்."

"சரி, பில்லாவது குடுப்பீங்களா?"

"பில் போட்டா வரி சேருமே சார்..."

இப்போது அவர் எங்கே போவார்? பத்திரிகையில் மண்டபத்தின் பெயர் இருக்கிறது. அதே முகூர்த்தத்தில் வேறு இடம் காலி இருக்காது. அட்வான்சைத் திருப்பித் தர மாட்டார்கள். மாஸ்டரை நிறுத்தினால் அவருக்குக் கொடுத்த முன்பணம் போச்சு. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. லண்டன்காரர் கையெழுத்துப் போடும் முன்பு தெரிந்துகொள்வதை நம்மவர் பதினைந்து நாள் இருக்கும்போது தெரிந்துகொள்கிறார்.

கேட்பார் உண்டா?

உண்டு. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் எங்களிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவதை, கட்டுப்படுத்தும் வணிக முறை என்கிறது சட்டம். வாடிக்கையாளர் மேல் அநியாயமான கட்டணத்தையோ நிபந்தனையையோ சுமத்துவது நியாயமற்ற ஒப்பந்தம். அளவுக்கு மீறிய டெபாசிட்டும் அதே பட்டியலில் வருகிறது. பில் கொடுக்காமல் டபாய்ப்பது நியாயமற்ற வணிக முறை.

எது அநியாயம், எது நியாயம் என்பதை நுகர்வோர் ஆணையம் அந்தந்த வழக்கைப் பார்த்துத்தான் சொல்லும். நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதாடுவதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மற்றப் புகார்கள் மாவட்ட ஆணையத்துக்கு. கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகாரைப் பதிவு செய்யலாம்.

ஆனால் "தனியார் இடத்தில் நிபந்தனையே போடக்கூடாது" என்று வாதாடினால் செல்லாது. சினிமா தியேட்டர் வழக்கில் நடந்தது அதுதான். வெளித் தின்பண்டத்தைத் தடுக்கக்கூடாது என்று 2018-ல் ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் சொன்னது. 2023 ஜனவரி 3-ம் தேதி உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தியேட்டர் தனியார் சொத்து, கொண்டுவராதே என்று சொல்ல உரிமையாளருக்கு உரிமை உண்டு, குடிநீரை மட்டும் இலவசமாகக் கொடுக்க வேண்டும், குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்பது தீர்ப்பு. மண்டபக்காரரும் இதையே காட்டுவார். அவர் நிபந்தனை போடலாம். மறைக்கலாமா என்பதில்தான் வழக்கு நிற்கும்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே வேலையை முடித்துக்கொள்வது உத்தமம். வெளிச் சமையல் உண்டா, இலைக்கா மொத்தமா, டிபன் இலைக்கும் சாப்பாட்டு இலைக்கும் ஒரே ரேட்டா, அலங்காரத்துக்கு என்ன, டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்று கேட்டு, ரசீதின் முன்பக்கத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். "அதெல்லாம் பேசிக்கலாம் சார்" என்று மேனேஜர் சிரித்தால், பணத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். மாநகராட்சி சமுதாய நலக்கூடம், கோவில் மண்டபம் இவற்றையும் ஒரு நடை பார்ப்பது நல்லது. வாடகை குறைவு. கோவில் மண்டபத்தில் சைவச் சாப்பாடுதான்.

சாவியை வாங்கும்போது கரண்ட் மீட்டர் பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது இன்னொன்று. அடுப்படியையும் சேர்த்து.